சுடாத துப்பாக்கிக்கு ஒரு சொட்டு எண்ணெய்

அவில்தார் கண்ணை மூடிக்கொண்டார்.

செய்யூரிலிருந்து உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் சேர்ந்து கட்டிய ஒற்றை அறை நினைவு மண்டபம் அது. சுவரில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. நடுவில் மேசை. மேசைமேல் கறுப்புக் கம்பளி. கம்பளிமேல், ஐந்து மாதமாக என் கையை விட்டு இறங்காத பழைய துப்பாக்கி.

சுவரில் கண்ணாடிப் பெட்டி காலியாகத் திறந்திருந்தது. அறையின் மூலையில் இன்னொரு துப்பாக்கி சாய்ந்து நின்றது. அது பைபர். மாமல்லபுரத்தில் கல்யாண மண்டபங்களுக்கு யானையும் மயிலும் வார்த்துக் கொடுப்பவரிடம் சங்கச் செயலாளர் ஏகாம்பரம் சொல்லிச் செய்தது. கட்டைக்குக் காப்பிப் பொடி நிறம், குழாய்க்கு வெள்ளி நிறம். ஒரு விரலால் தூக்கலாம்.

இரண்டில் ஒன்றுதான் பெட்டிக்குள் போகும். மறுநாள் காலை திறப்பு விழா. எது போகும் என்பதை அவில்தாரின் கை சொல்ல வேண்டும்.

அவர் வலது கை குழாயின் நுனியில் ஆரம்பித்து மெல்ல இறங்கியது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு அதுதான் வழக்கமான இடம். என் மனைவி தேவகி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு, ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒன்றும் இல்லை என்பதும் தெரியும்.

பாய்க்குள் இன்னா?

அவில்தாரின் பெயர் முனுசாமி. அறுபத்தெட்டு வயது. இருபத்து நாலு வருஷம் ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். அவர் தங்கை வீட்டு வாசக்காலை நான் சரி செய்து கொடுத்ததைப் பார்த்துவிட்டு, செங்கல்பட்டில் என் கொட்டகையைத் தேடி வந்தார்.

நான் மரவேலை செய்பவன். கதவு, கட்டில், ஊஞ்சல் பலகை. இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் ஐந்தாம் வகுப்புப் படிப்பும் தெரியும், என் பேச்சு எவ்வளவு குறைவு என்பதும் தெரியும். துப்பாக்கியை நான் அதுவரை தொட்டதில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அது சுட முடியாத துப்பாக்கி. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அணிவகுப்புப் பழக வைத்திருந்தது. குழாயில் ஓட்டை போட்டு, வாயை வெல்டிங் வைத்து அடைத்து, உள்ளே குண்டைத் தட்டும் ஊசியையும் வெட்டியிருந்தார்கள். பல வருஷம் சாமான் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. அவில்தார் போலீஸ் ஸ்டேஷனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்து, காகிதம் வாங்கி, சங்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மண்டபத்துக் கல்லில் மூன்று பெயர்கள். முதல் பெயர் அவருடைய சித்தப்பாவுடையது. வடக்கே பனிமலைக்குப் போனவர், திரும்பவில்லை. அவர் கையில் இருந்தது இதே வகைத் துப்பாக்கி. அது அவர் கையில் எப்படி இருந்ததோ அப்படியே பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பது அவில்தாரின் ஆசை.

ஆசை மட்டுமென்றால் பரவாயில்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று வாக்கும் கொடுத்துவிட்டார். ஒரு திருகாணிகூட அந்தக் காலத்துச் சாமானாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும், பைபர் துப்பாக்கியைத் தன் கையாலேயே தூக்கிப் பெட்டியில் வைத்துவிடுவதாகச் சொன்னார். சொன்னால் செய்கிற மனிதர் என்பது ஊருக்கே தெரியும். ஏகாம்பரம் அன்றைக்கே மாமல்லபுரம் போய் பைபருக்குச் சொல்லிவிட்டார்.

துப்பாக்கியை நான் செய்யூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில்தான் எடுத்து வந்தேன். கோரைப்பாயில் சுருட்டி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, சட்டைப் பையில் போலீஸ் காகிதத்தை லாமினேஷன் போட்டு வைத்திருந்தேன். கண்டக்டர் வந்து பாயை விரலால் தட்டிப் பார்த்தார்.

“அண்ணாத்த, பாய்க்குள்ள இன்னா?”

பொய் சொல்ல எனக்கு வராது. சத்தமாகச் சொல்லவும் வராது. “துப்பாக்கி” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சர்தான். நான்கூட டிக்கெட் பையில பீரங்கி வச்சிக்கினு கீறேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர் மதுராந்தகம் வரைக்கும் அந்தப் பாயின் மேல்தான் கையை ஊன்றித் தூங்கிக்கொண்டு வந்தார்.

சாமி ரூம் கதவு

கொட்டகையில் பிரித்துப் பார்த்தபோது பாவமாக இருந்தது. கட்டைக்கு மேல் மூன்று பூச்சு வார்னிஷ். அடியில் இருந்த பித்தளைத் தகட்டுக்கு யாரோ சில்வர் பெயின்ட் அடித்திருந்தார்கள். முன்பக்கத்துக் கட்டை பிளந்து, இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. திருகாணிகள் கூட்டல் குறி போட்டவை, நேற்றைய கடைச் சாமான். தோளில் மாட்டும் வாருக்குப் பதில் நைலான் கயிறு.

வார் அவில்தாரின் டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது. அதைக் கொண்டுவந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார். தகட்டின் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, புளி போட்டு நானே தேய்த்தேன். அடியிலிருந்து பித்தளை, பழுத்த எலுமிச்சை நிறத்தில் எட்டிப் பார்த்தது. அன்றைக்கெல்லாம் எனக்குப் பசியே இல்லை.

அடுத்துச் செய்ததுதான் பெரிய தப்பு.

அடிக்கட்டையில் பழைய வார்னிஷைச் சுரண்டியதும் உள்ளே வால்நட் மரத்தின் ரேகை தெரிந்தது. ஆற்று மணலில் தண்ணீர் ஓடி வற்றிய தடம்போல. அதைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்குத் தெரிந்த உயர்ந்த மரியாதையைச் செய்துவிட்டேன். அவல்போலச் செதிலாக இருக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சில் தொட்டு, பதினாலு கை பாலிஷ். முகம் பார்த்துத் தலை வாரலாம். பூஜை அறைக் கதவுக்குக்கூட நான் பத்துக் கைதான் போடுவேன்.

அவில்தார் வந்து பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தேவகி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் பேசினார்.

“இன்னா மேஸ்திரி இது? சாமி ரூம் கதவா? இத்த எடுத்துக்கினு சித்தப்பா வெயில்ல நின்னா மூணு மலை தாண்டி மின்னும். எதிரிக்குக் கண்ணாடி காட்டவா போனாரு?”

எனக்குக் காது சுட்டது. தேவகி உள்ளே போய்ச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவில்தாரும் சிரித்துவிட்டார். அரக்கை மறுபடி முழுதும் எடுத்தோம். அவர் சொன்னபடி ஆளிவிதை எண்ணெயை வெறும் உள்ளங்கையால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கை சூடாகும், அந்தச் சூட்டில் எண்ணெய் உள்ளே இறங்கும். ஒரு நாள் தேய்ப்பேன், இரண்டு நாள் காயவிடுவேன். இப்படி ஒரு மாதம். பச்சை மீன் வாசனைக்கும் வறுத்த எள் வாசனைக்கும் நடுவில் ஒரு வாசனை. சாப்பிடும் சோற்றிலும் அதுவே அடித்தது. கடைசியில் கட்டை பளபளப்பே இல்லாமல், குளித்துத் துவட்டிய தோள்போல ஆனது. அதன் அழகு எனக்குப் புரியவே அந்த ஒரு மாதம் ஆயிற்று.

மேசை விளக்கு

முன்கட்டைக்கு அந்தக் காலத்து மரம் வேண்டும். புதிதாகச் செய்தால் அவில்தார் ஒப்பமாட்டார். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடற்கரைச் சாலையோரம் பழைய மரச்சாமான் கடைகள் நிறைய. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். கப்பல் கதவு இருந்தது, பாதிரியார் நாற்காலி இருந்தது, தூண் தூணாகத் தேக்கு இருந்தது. எங்களுக்கு வேண்டியது இல்லை.

மாமல்லபுரத்தில் ஒரு கடையில், அவில்தார் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, நான் சும்மா ஒரு மேசை விளக்கைத் தடவினேன். கை நின்றுவிட்டது. நடுவில் பள்ளம், பக்கத்தில் விரல் பிடிக்கும் வரி. எத்தனை நாள் தடவிய வடிவம். யாரோ இதே வகைத் துப்பாக்கியின் முன்கட்டையை நிமிர்த்தி வைத்து, மேலே பல்பும் பிரம்புத் தொப்பியும் மாட்டியிருந்தார்கள். இரும்பு வளையமும், ஒற்றைக் கோடு போட்ட பழைய திருகாணிகளும்கூட அப்படியே இருந்தன.

நான் அவில்தாரைக் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. விளக்கோடு வெளியே நடந்துவிட்டேன். கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். பிறகு எல்லாம் பேசி முடித்து, அவர் கடையில் பாசி பிடித்துக் கிடந்த நாலு ஊஞ்சல் பலகைகளுக்கு நான் பாலிஷ் போட்டுக் கொடுப்பதென்றும், விளக்கு எங்களுக்கென்றும் முடிவாயிற்று. அங்கே பதினாலு கை போட்டேன். யாரும் திட்டவில்லை.

ஒயர் போன துளையை அதே மரத்துத் துணுக்கால் அடைத்தேன். ஒட்டுப் போட்ட இடத்தை அவில்தார் வெகுநேரம் பார்த்தார். ராணுவப் பட்டறையிலும் இப்படித்தான் அடைப்போம், இது அந்தக் காலத்து வேலையேதான் என்று சொன்னார். அவர் வாயால் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

மீதி ஒன்றுதான்.

அடிக்கட்டையின் பித்தளைத் தகட்டில் தீப்பெட்டி அகலத்தில் ஒரு சின்ன மூடி உண்டு. விரலால் நெம்பினால் திறக்கும். உள்ளே மரத்தில் ஒரு குழி. சிப்பாய் தன் துப்பாக்கிக்கு எண்ணெய் விட, விரல் நீளத்தில் ஒரு பித்தளைப் புட்டியை அதில் வைத்திருப்பானாம். நான் பார்த்ததில்லை. அவில்தார் கையால் அளவு காட்டியதோடு சரி. கடை கடையாகக் கேட்டோம். பல்லாவரம் சந்தைக்கும் இரண்டு முறை போனோம். கிடைக்கவில்லை.

பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய பிறகு அந்த மூடியை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று ஏகாம்பரம் நியாயமாகத்தான் கேட்டார்.

“சித்தப்பா தெறந்திருப்பாரு” என்றார் அவில்தார்.



வீட்டிலேயே இருந்தது

ஒப்படைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம். தேவகி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நான் சோற்றுத் தட்டோடு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மெஷின் கல்யாணமான புதிதில் பரங்கிமலைப் பக்கம் ஒரு தையல்காரரிடம் வாங்கியது. பட்டாளத்துக்காரர்களுக்குச் சீருடை தைத்தவர். மெஷினோடு ஓர் எண்ணெய்ப் புட்டியையும் கொடுத்து, இரண்டையும் பிரிக்காதே என்று தேவகியிடம் சொல்லி அனுப்பினார். இருபத்திரண்டு வருஷமாக அவள் பிரிக்கவில்லை. மெஷினும் ஒரு நாள் மக்கர் செய்ததில்லை. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மெஷினுக்கு ஒரு பொட்டு, கத்தரிக்கு ஒரு பொட்டு, புட்டிக்கு ஒரு பொட்டு.

அன்றைக்கு அவள் புட்டியின் மூடியைத் திருகி மேலே தூக்கினாள். மூடியோடு சேர்ந்து, காது குடையும் கரண்டிபோல நீளமாக ஒன்று வெளியே வந்தது. அதன் நுனியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். அதை அப்படியே சக்கரத்தில் விட்டாள்.

விரல் நீளம். பித்தளை.

அவள் எழுந்து போனதும் புட்டியை எடுத்துக் கட்டை விரலால் அழுக்கைத் துடைத்தேன். அடியில் கோழிக்கால் தடம்போல மூன்று கோடு. துப்பாக்கியின் இரும்பிலும் அதே கோழிக்கால் இருக்கிறது, பட்டாளத்துச் சாமானுக்கு அடிக்கும் முத்திரை. இருபத்திரண்டு வருஷம் கண்ணுக்கு எதிரில் இருந்திருக்கிறது. நான் அதைத் தேடி மாமல்லபுரத்தில் வெயிலில் காய்ந்திருக்கிறேன்.

உள்ளே ஓடிப்போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவளிடம் பிரிக்காதே என்று சொல்லிக் கொடுத்த பொருள். கேட்டு அவள் தந்துவிட்டால் நஷ்டம் அவள் மெஷினுக்கு, கேட்டு அவள் தராவிட்டால் அவில்தாருக்கு. இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். தட்டில் சோறு காய்ந்துவிட்டது. புட்டியைத் துடைத்து, மெஷின் டிராயரிலேயே பழையபடி வைத்தேன். நிமிர்ந்தபோது அவள் கதவருகில் நின்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒப்படைக்கும் நாள் காலையில் துப்பாக்கியைப் பாயில் சுருட்ட அவளே உட்கார்ந்தாள். என்னைக் குளிக்கப் போகச் சொன்னாள். தானும் வருவதாகச் சொன்னாள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் போய் என்ன பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மூடி திறந்தது

அவில்தாரின் கை முன்கட்டையைத் தாண்டியது. ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு நொடி நின்று, ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்தது. திருகாணிகளின் கோட்டை நகத்தால் தொட்டது. வாரை இழுத்துப் பார்த்தது. அடிக்கட்டையில் இறங்கியது. அங்கே கொஞ்சம் மெதுவாகத் தடவினார். சித்தப்பாவின் தோள் அங்கேதான் பட்டிருக்கும்.

பித்தளைத் தகடு. மூடி. ஆள்காட்டி விரல் நெம்பியது. டக்கென்று திறந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏகாம்பரம் மூலையை நோக்கி ஓர் அடி வைத்தது காதில் விழுந்தது.

அடுத்த அடி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவில்தாரின் விரல் குழிக்குள் நுழைந்து நின்றிருந்தது. மெல்ல இழுத்தார். வெள்ளைப் பிளானல் துணி வந்தது. துணிக்குள் சுருட்டியபடி பித்தளைப் புட்டி வந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். மூடியைத் திருகினார். கரண்டி வந்தது, சொட்டு வந்தது. முகர்ந்தார்.

“தையல் மெஷின் எண்ணெ” என்றார்.

என்னைப் பார்த்தார். நான் தேவகியைப் பார்த்தேன். அவள் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, புட்டிய வுடு. இந்தப் பிளானல சுத்தி வெக்கணும்னு யாரு சொன்னது ஒனக்கு?”

“யாரு சொல்லணும்? சும்மா போட்டா லொடலொடன்னு ஆடுச்சு. கையில துண்டு துணி இருந்துச்சு, சுத்திட்டேன்.”

அவில்தார் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சிரித்தார். எல்லாச் சிப்பாயும் அந்தக் குழிக்குள் பிளானல் துணி வைத்திருப்பானாம், துடைப்பதற்கும் ஆடாமல் இருப்பதற்கும். அதை எங்களிடம் சொல்லவே மறந்துவிட்டாராம். இருபத்து நாலு வருஷம் படித்த பாடத்தை ஒரு தையல்காரி ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள் என்று ஏகாம்பரத்திடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஏகாம்பரம் விடுவாரா? புட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மூடிக்கு அடியில், திருகு வரியில், சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு ஆயுத பூஜைக் குங்குமம்.

“இந்தச் சிவப்பும் அந்தக் காலத்துச் சாமானா அவில்தாரே?” என்று கேட்டார்.

நான் ஓடிப்போய் அதைத் துடைக்கத் துண்டின் நுனியை எடுத்தேன். அவில்தார் என் கையைப் பிடித்தார். திருகாணிக்காக ஐந்து மாதம் என்னை வதைத்த மனிதர்.

“அது இருக்கட்டும்” என்றார்.

துணியை அவரே சுருட்டி, புட்டியை உள்ளே வைத்து, மூடியைச் சாத்தினார். துப்பாக்கி பெட்டிக்குள் போயிற்று. பைபர் துப்பாக்கி இப்போது ஏகாம்பரத்தின் கடலைக் கொல்லையில், வைக்கோல் பொம்மையின் தோளில் இருக்கிறது. காட்டுப் பன்றிகள் பயப்படுவதாக அவர் சொல்கிறார்.

திரும்பும் பஸ்ஸில் பாய் மடியில் லேசாக இருந்தது. இனி மெஷினுக்கு என்ன செய்வாய் என்று மெல்லக் கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“நீ கேட்டிருந்தா சண்டதான் போட்டிருப்பேன். தொடச்சுத் திரும்ப டிராயர்ல வச்ச பாரு, அதான்யா தாங்கல. மெஷினுக்கு இன்னா, பிளாஸ்டிக் புட்டில வுட்டா குடிக்காதா? ஆயுத பூஜைக்கு வந்து அதுக்குப் பொட்டு வெச்சுட்டுப் போவேன், அவில்தாருகிட்ட சொல்லிட்டேன்.”

எப்போது சொன்னாள் என்று தெரியவில்லை. நான் மறுபடி கதவுக்குப் பின்னால் போய் நின்ற நேரமாக இருக்கும்.

டிக்கெட் கொடுக்க வந்தவர் அதே கண்டக்டர். பாயைத் தட்டிப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்த, இன்னிக்கு எத்தினி துப்பாக்கி?”

“ஒண்ணும் இல்ல” என்று நானே பதில் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. “இருந்த ஒண்ணையும் பெட்டில வெச்சுப் பூட்டிட்டு வர்றோம்.”

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். தேவகியும் சிரித்தாள். இந்த முறையும் கண்டக்டர் நம்பவில்லை.